அழகமுத்து வீடு

த்ரீவீல் சத்தம் கேட்டதுமே சுகந்தினி கூட்டுவதை நிறுத்தினாள். எல்லாரும் மாத்தயா என்று மரியாதை வைத்துக் கூப்பிடும் காணி ஆபீசர் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வருவார் என்று கிராம சேவகர் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. கையிலிருந்த விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வந்தது ஆபீசர் இல்லை. தெரணியகலை டவுனில் த்ரீவீல் ஓட்டும் ஹில்மி. பின்சீட்டிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். நூல் சேலை, புதுச் செருப்பு, கையில் நீலநிறப் பை. இறங்கியவள் வீட்டைப் பார்க்கவில்லை. கூரைக்குப் பின்னால் உயர்ந்து நின்ற பலாமரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

"சுகந்தினி அக்கா, இந்தம்மா இந்தியாவுல இருந்து வந்திருக்காங்க" என்றான் ஹில்மி. "தோட்டத்து ஸ்டோர்ல விசாரிச்சேன். அழகமுத்து வீடுன்னா லயத்து வரிசையில கடைசிக் காம்பராதான்னு சொன்னாங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "என் பேரு வெள்ளையம்மா, தாயி. கூடலூர்ல இருந்து வர்றேன். நான் அழகமுத்துவோட மக."

சுகந்தினி வெலவெலத்துப் போனாள். ஏனென்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

அவள் புருஷன் பெயர் அழகமுத்து கஜேந்திரன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் தகப்பன் பெயர் அழகமுத்து. ஆனால் கஜேந்திரனைப் பெற்றவர் நாகலிங்கம். தோட்டத்தில் ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது புதினமில்லை. வீட்டில் கூப்பிடுவது ஒன்று, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் கூப்பிடுவது வேறொன்று. கணக்கப்பிள்ளை எழுதியதுதான் சட்டம். அந்த எழுத்துப் பிழையோடு பிறந்து, அதோடு சம்பளம் வாங்கி, அதோடு செத்தும் போவார்கள். நாகலிங்கத்தின் சங்கதி அப்படி லேசுப்பட்டதில்லை. செக்ரோலில் அவர் பெயர் இன்னொரு மனிதனின் பெயர்.

எழுபத்து நாலில், இந்தியாவும் இலங்கையும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று பெயர் வந்து, நிஜ அழகமுத்து பெண்டாட்டி பிள்ளையோடு கப்பல் ஏறிவிட்டார். அதே மாதம்தான் நாகலிங்கம் தெஹியோவிட்டப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து விரட்டப்பட்டு, சோற்றுக்கு வழியில்லாமல் இந்த மலைக்கு ஏறி வந்தார். இருபத்திரண்டு வயசு. புது ஆள் எடுக்கக்கூடாது என்று தோட்டத்துத் தொரையின் கட்டளை. கணக்கப்பிள்ளை ஒரு வேலை செய்தார். அழகமுத்துவின் பெயரை வெட்டவில்லை. அதே நம்பர், அதே காம்பரா, அதே பெயர். ஆள் மட்டும் வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜ அழகமுத்துவுக்குப் பதினாலு வயசு கூட. அதனால் நாகலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயதானபோது, "உனக்கு அறுபதாச்சுப்பா, பென்சன் எடு" என்று தோட்டம் அவரை நிறுத்திவிட்டது. தலையில் ஒரு நரைமுடி இல்லாத மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு பதினாலு வருசம் பதிவில்லாத கைக்காசு வேலைக்குப் போனார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குட்டு உடைந்துவிடுமே! ஏழு வருசத்துக்கு முன்னால் சாகும் தறுவாயில்தான் மகனிடமும் மருமகளிடமும் விசயத்தைச் சொன்னார். "அது நம்ம பேரு இல்ல. வெளிய விட்டுறாதீங்க" என்றார். மாமனார் ஒரு மனிதனின் பெயரைத் திருடியிருக்கிறார் என்றே சுகந்தினி நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குப் பின்னேரம் வரப்போகிற ஆபீசர், ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கொடுப்பதற்காகக் குடும்பங்களைச் சரிபார்க்க வருகிறவர். பட்டியலில் இந்த வீட்டுக்கு நேரே இருப்பது அழகமுத்துவின் பெயர்; வாரிசு அவர் மகன். அந்த அழகமுத்து எழுபத்து நாலிலேயே இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தால் உன் புருஷன் யார் என்று கேட்பார்கள். வீடும் போகும். அந்தப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்துப் போலந்தில் காளான் பண்ணையில் வேலை செய்கிறவனின் கதி என்னாகும்?

இவ்வளவும் ஒரு நொடியில் அவள் மண்டைக்குள் ஓடியது. வாய் தானாகத் திறந்தது.

"அழகமுத்து வீடா? அது இங்க இல்லைங்களே. மேல் டிவிசன்ல ஒரு அழகமுத்து இருந்தாராம். அங்கதான் பாக்கணும்."

"ஸ்டோர்ல இதுன்னுதானே..." என்று ஹில்மி இழுத்தான்.

"ஸ்டோர்ல இருக்கிறவனுக்கு என்னா தெரியும்? நேத்து வந்தவன்!" என்று எரிந்து விழுந்தாள்.

வெள்ளையம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. அதுதான் சுகந்தினியை அறுத்தது. "சரி தாயி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். வாசல்படி ஏறாமல், நின்றபடியே செம்பை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஹில்மி அவளை ஏற்றிக்கொண்டு மேல்பக்கம் திருப்பினான். கொங்கிரீட் பாதை முடிகிற இடம் வரைக்கும்தான் த்ரீவீல் போகும். அதற்கு மேலே ஒற்றையடிப் பாதை.

வந்த ஆளுக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பியது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு மணிக்குப் புருஷனுக்குப் போன் போட்டாள். அங்கே காலை எட்டரை. கஜேந்திரன் வெள்ளைத் தொப்பியோடு, காளான் தட்டுகளுக்கு நடுவே திரையில் வந்தான். நடந்ததை மூச்சு விடாமல் கொட்டினாள்.

"நல்ல வேலை செஞ்ச" என்றான் முதலில். முகம் வெளுத்திருந்தது. "ஆபீசர் போற வரைக்கும் அந்தம்மா எறங்கி வரக்கூடாது. ஹில்மிகிட்டச் சொல்லி நேரே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போயிரச் சொல்லு."

"பாவமா இருக்குங்க."

"பாவம் பாத்தா நடுரோட்டுலதான் நிக்கணும், புள்ள."

அவனுக்குப் பின்னால் யாரோ அந்த ஊர்ப் பாஷையில் சத்தம் போட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "ஹலினாம்மா வீட்டுக்கு வந்த காரு ஞாபகம் இருக்கா?" என்றான்.

நன்றாக இருந்தது. இரண்டு வருசமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஊர்க் கதையைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். லிபோவோ என்று அறுபது வீடு உள்ள ஒரு சின்னக் கிராமம். சுற்றிலும் கோதுமை வயல், ஒரு செங்கல் வேதக்கோயில், ஒரு குளம். போலந்துக்காரர்களின் ஊர்தான், ஆனால் அவர்கள் அங்கே வந்து எண்பது வருசம்தான் ஆகிறது. அதற்கு முந்தி இருந்தவர்கள் முழுக்க ஜெர்மன்காரர்கள். வீடு கட்டியது, கிணறு வெட்டியது, கோயில் எழுப்பியது எல்லாம் அவர்கள். ஊருக்கு அப்போது வேறு பெயர். இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் பெரிய மனிதர்கள் மேசையில் படத்தை விரித்து எல்லைக்கோட்டை நகர்த்தினார்கள். கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியே போ என்று ஜெர்மன்காரர்களுக்கு உத்தரவு. கிழக்கே ரஷ்யாக்காரனிடம் ஊரைப் பறிகொடுத்த போலந்துக்காரர்களைச் சாமான் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த வீடுகளில் இறக்கிவிட்டார்கள்.

கஜேந்திரன் குடியிருக்கும் வீட்டுக்காரி ஹலினா அப்படி வந்தபோது ஆறு வயசுப் பிள்ளை. உள்ளே போனால் மேசையில் கோப்பை வைத்தது வைத்தபடி இருந்ததாம். அடுப்பில் சாம்பல் இன்னும் சுட்டதாம். "நம்ம ஆளுங்க கப்பலேறின கதையேதான் புள்ள" என்று முதல் தடவை சொல்லும்போது அவன் குரல் கரகரத்தது. மழை பெய்தால் தெருப்பக்கச் சுவரில் வெள்ளைக்குக் கீழேயிருந்து பழைய வீட்டுக்காரனின் பெயர் ஜெர்மன் எழுத்தில் மேலே வருமாம். ஹலினாவின் தாய் சாகிறவரைக்கும் வருசா வருசம் அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாள். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து ஒரு கார் வந்து வாசலில் நின்றது. தாய் கேட்டைப் பூட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். காரில் வந்த கிழவி ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எதற்கு வந்தாள் என்பது போன வருசப் பனிக்காலத்தில்தான் தெரிந்தது. வாசல்படிக் கல் குளிரில் வெடித்துப் பெயர்ந்தது. புரட்டிப் பார்த்தால், அது ஒரு சின்னப் பிள்ளையின் கல்லறைக் கல். சுவரில் வருகிற அதே குடும்பப் பெயரும் திகதியும் இருந்தன. ஹலினாவின் தகப்பன் மயானத்திலிருந்து எடுத்து வந்து, எழுத்தைக் கீழே போட்டுப் படியாக வைத்திருக்கிறார். அத்தனை வருசம் அதை மிதித்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். கஜேந்திரனும் இன்னும் மூன்று பேரும் அதைச் சுமந்துகொண்டு போய் மயானத்தில் வைத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டுச் சுகந்தினி வாய்விட்டுச் சிரித்தாள். "ஏங்க, செத்த புள்ளையோட கல்ல மிதிக்கிறோம்னுகூடத் தெரியாமயா இருப்பாங்க? என்னா சனங்களோ!" என்றாள்.

"அந்தக் கெழவி வீட்டப் புடிக்க வரல" என்றான் கஜேந்திரன் இப்போது. "ஹலினாம்மா இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுவுது. கேட்டத் தொறந்திருக்கலாமேன்னு." பிறகு சட்டென்று, "நீ எங்க அனுப்பின அந்தம்மாவ?" என்று கேட்டான்.

"மேல் டிவிசனுக்கு."

"அடிப்பாவி! மண்ணு சரியுதுன்னு மூடின எடம்டி அது!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை, தகரத்தில் மழை விழுந்தது. சபரகமுவ மழையைச் சொல்ல வேண்டுமா? தூறல் என்கிற பேச்சே கிடையாது, வந்தால் கொட்டும். மூன்று நாளாக இப்படித்தான். அதனால்தான் ரப்பர் மலையில் பால்வெட்டும் நின்று போய், அவள் வீட்டில் இருந்தாள். மண்சரிவு எச்சரிக்கை என்று காலையில் ரேடியோவிலும் சொன்னார்கள். எல்லாம் தெரிந்துதான் அனுப்பினாள்.

ஹில்மிக்குப் போன் போட்டாள். "நான் அப்பவே டவுனுக்கு வந்துட்டேன்க்கா. ரெண்டு மணி நேரத்துல எறங்கி வந்து கால் பண்றேன்னாங்க. இன்னும் பண்ணலை. நானும் கடையில சொல்லிட்டு இருந்தேன், அழகமுத்து மக இந்தியாவுல இருந்து வந்திருக்காங்கன்னு..."

"கடையில சொன்னியா? ஒன் வாயில மண்ணப் போட!"

பன்னிரண்டரை. மேலே போய் வர இரண்டு மணி நேரம். மழையில் இன்னும் கூட. ஆபீசர் வரும்போது வீடு பூட்டியிருந்தால் பெயருக்கு நேரே கோடு விழும். கீழ் லயத்தில் இரண்டு குடும்பத்துக்கு அப்படித்தான் விழுந்தது. போகாவிட்டாலோ, ஒரு பொம்பளை மண்ணுக்குள் போனால் அந்தப் பழி இந்த வீட்டைச் சும்மா விடாது. சுகந்தினி வீட்டுக்குள்ளேயே நாலு தடவை நடந்தாள். கடவுளைத் திட்டினாள். புருஷனைத் திட்டினாள். செத்துப்போன மாமனாரையும் விடவில்லை. திட்டி முடித்ததும் மழைக்குப் போட்டுக்கொள்ளும் உர பேக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பால்வெட்டுக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மலை ஏறினாள்.

பாதை முழுக்கத் தண்ணீர். ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகள் நிரம்பி வழிந்தன. அட்டை கணுக்காலில் ஏறுவது தெரிந்தது. நின்று பிடுங்க நேரமில்லை. பழைய மடுவக் கொட்டகையைத் தாண்டியதும் நிலத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு. இரண்டு விரல் அகலம். போன வாரம் விறகுக்கு வந்தபோது அது அங்கே இல்லை. தாண்டிப் போனாள்.

மேல் டிவிசன் லயத்தில் கூரை இல்லை. சுவருக்குள் மரம் முளைத்து நின்றது. வெள்ளையம்மா அந்தச் சுவர் ஓரத்தில், நீலப் பையை மடியில் அணைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். செருப்பு ஒன்று போய்விட்டது. இரண்டு காலிலும் ரத்தம்.

"ஐயோ அம்மா!" என்று ஓடிப்போய்க் குனிந்து அட்டைகளைப் பிடுங்கினாள் சுகந்தினி. "நான் பொய் சொல்லிட்டேங்க. அந்த வீடுதான். நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றாள் வெள்ளையம்மா. பல் கிட்டிக்கொண்டிருந்தது. "பலாமரத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

"நீ பயந்துபோய் நின்ன. பயந்தவகிட்ட நின்னு மல்லுக்கட்டச் சொல்றியா? நீ காட்டுன எடத்தப் பாத்துட்டு, திரும்பி வந்து கேக்கலாம்னு நெனச்சேன். கால்தான் மாட்டேன்னுருச்சு."

இறங்கும்போது சுகந்தினி அவளைக் கக்கத்தில் தாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீசர், உறுதி, பாஸ்போர்ட், புருஷன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது! "மாத்தயா கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். வெள்ளையம்மா பாதையைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டே இருந்தாள். வலியா, யோசனையா, மழைச் சத்தத்தில் காதில் விழவில்லையா என்று தெரியவில்லை. மடுவத்துக்குக் கீழே வந்தபோது பின்னால் லொறி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஐந்து நிமிசத்துக்கு முன் நடந்துவந்த இடத்தில் பாதை இல்லை. சிவப்புச் சேறும் வேரும்தான் கிடந்தன. வெள்ளையம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடி வீடு வரும் வரைக்கும் தளரவில்லை.

வாசலில் குடையோடு கிராம சேவகரும், ஃபைலோடு ஆபீசர் மாத்தயாவும் நின்றார்கள். மூன்றே கால். சுகந்தினி தலையிலிருந்த பேக்கை எடுத்துவிட்டுச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள். ஆபீசர் தலையாட்டிவிட்டு ஃபைலைத் திறந்தார். கெட்ட மனிதர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் கேள்வி நேரே வந்தது.

"இந்த அழகமுத்து இந்தியாவுக்குப் போனவராம், அவர் மகள் தேடிக்கொண்டு வந்திருக்கிறாளாம் என்று டவுனில் பேசிக்கொள்கிறார்களே? அப்படியென்றால் செக்ரோலில் தொண்ணூற்றெட்டு வரைக்கும் வேலை செய்தது யார்?"

ஹில்மியின் வாய் இருக்கிறதே! ஆபீசரின் பார்வை சேறும் ரத்தமுமாக நின்ற பெண்மேல் திரும்பியது. "மே கவுத?" என்று கேட்டார். இது யார் என்று அதைத் தமிழில் திருப்பிச் சொல்லக்கூடச் சுகந்தினியால் முடியவில்லை.

திருப்ப வேண்டிய தேவையும் வரவில்லை.

"மே மகே மல்லிகே கெதர, மாத்தயா" என்றாள் வெள்ளையம்மா. இது என் தம்பி வீடு. எட்டு வயசில் இந்த மலையை விட்டுப் போனவளின் சிங்களம், எட்டு வயசிலேயே நின்றிருந்தது. சின்னப் பிள்ளை பேசுவதைப் போல அந்த மழலை கேட்டு ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு மேல் அவளுக்குச் சிங்களம் வரவில்லை. தமிழில் சொன்னாள். "எழுதிக்கச் சொல்லு தாயி. நான் அழகமுத்து மக. ஒப்பந்தத்துல எங்க அம்மா பேரும் என் பேரும் மட்டும் இந்தியாவுக்குன்னு வந்துச்சு. நாங்க போனோம். அப்பா போகல. இங்கயே இருந்தாரு. இங்கயே கல்யாணம் முடிச்சு, இங்கயே செத்தாரு. எனக்கு இதுல பங்கு கிங்கு ஒண்ணும் வேணாம். தம்பி பேருக்கே எழுதட்டும்."

சுகந்தினி அதைச் சிங்களத்தில் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. மழை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டாள். பெற்ற தகப்பனை ஒரு பொம்பளை வாயால் இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கிறாள் என்பது அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆபீசர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். ஒப்பந்தத்தில் இப்படிக் குடும்பம் பிரிந்த கதை இந்தப் பக்கத்தில் லயத்துக்கு இரண்டு இருக்கும், அவரும் கேள்விப்படாதவரில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். தகப்பன் பெயர் அழகமுத்து. எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். சரி என்கிற மாதிரி "ஹரி" என்று ஃபைலை மூடினார். பெயருக்கு நேரே கோடு விழவில்லை. சரி அடையாளம்தான் விழுந்தது.

அவர்கள் போனதும் சுகந்தினி வெள்ளையம்மாவின் காலில் விழப் போனாள். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "தேத்தண்ணி போடு முதல்ல. காலைல தண்ணியக் குடுத்து வெரட்டுனவதானே நீ!"

"அண்ணி..." என்றாள் சுகந்தினி. அந்த வார்த்தை தானாக வந்தது. "எங்க மாமா உங்க அப்பா பேரத் திருடிட்டாருன்னு இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"நாகலிங்கமா?" அந்தப் பெயரை வெளி ஆள் ஒருத்தர் சொல்லிச் சுகந்தினி கேட்டதே இல்லை. "அவரு திருடல. எங்கப்பாதான் கணக்கப்பிள்ளைகிட்டக் கூட்டிட்டுப் போய், இவன என் பேருல போடுங்கன்னாரு. ஆனா சும்மா குடுக்கல. ஒரு வேலையச் சொல்லிட்டுத்தான் குடுத்தாரு."

"என்னா வேலை?"

"எனக்குப் பின்னால ஒரு தங்கச்சி பொறந்துச்சு. எட்டாம் நாள் போயிருச்சு. பச்சப் புள்ளையப் பொதைகாட்டுக்குக் கொண்டுபோற பழக்கம் இல்லையே. வீட்டுக்குப் பின்னால, பலாமரத்துக்குப் பக்கத்துல பொதச்சு, நாய் நரி தோண்டாம ஒரு தட்டக் கல்லப் போட்டாங்க. கப்பலுக்குப் பதினஞ்சு நாள்தான் இருந்துச்சு. அம்மா வரமாட்டேன்னு கல்லக் கட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பத்தான் அப்பா நாகலிங்கத்துகிட்டச் சொன்னாரு. பேர எடுத்துக்க, காம்பராவ எடுத்துக்க, என் புள்ளைய மட்டும் பாத்துக்கன்னு." அவள் பையைத் திறந்து ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்தாள். "அம்மா போன தையில போயிருச்சு. அதுக்குப் பால் ஊத்துன கையால இங்கயும் ஊத்தணும்னு கேட்டுச்சு. அதுக்குத்தான் வந்தேன். கல்லக் காட்டு தாயி."

கொதித்த தண்ணீரைச் சுகந்தினி இறக்கிக் கீழே வைத்தாள்.

தட்டைக் கல். மாமனார் உயிரோடு இருந்தவரை அதில் யாரையும் உட்கார விட்டதில்லை. சுற்றிலும் தினமும் கூட்டுவார். கோழி ஏறினால்கூடக் கல்லெறிவார். கிழவருக்குக் கிறுக்கு என்று அவள்தான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அவர் செத்து ஒரு வருசத்தில், தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் துணி துவைக்க நல்ல கல் இல்லையே என்று, அவளும் கஜேந்திரனும் இரும்பு அலவாங்கால் நெம்பி அதை உருட்டிக்கொண்டு போனார்கள். ஆறு வருசம். கல் இருந்த இடத்தில் கோழிக்கூடு.

அந்தப் போலந்துக்காரர்களைப் பார்த்துச் சிரித்தாளே! என்னா சனங்களோ என்றாளே!

பேசாமல் இருந்திருக்கலாம். பீலியடியில் வேறொரு கல்லைக் காட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? காலையில் ஒரு பொய் சொல்லி இன்று அவள் பட்டது போதும்.

"அண்ணி" என்றாள். "நான் அந்தக் கல்லுல துணி தொவைக்கிறேன்."

வெள்ளையம்மா அவளைப் பார்த்தாள். எழுந்து பின்வாசலுக்குப் போனாள். பீலியடியில் கிடந்த கல்லையும், அதன்மேல் காலையில் ஊறப்போட்ட துணி வாளியையும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, பெற்றவளே வந்து அழுவது மாதிரி ஓவென்று அழுதாள். சுகந்தினி கிட்டப் போகத் துணியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழுகை ஓய நேரமாயிற்று. மூக்கைச் சிந்திக்கொண்டு வெள்ளையம்மா கேட்டாள்: "எந்த எடத்துல இருந்து உருட்டுனீங்க? அது ஞாபகம் இருக்கா, அதுவும் இல்லையா?"

"இருக்கு அண்ணி. நல்லா இருக்கு."

கோழிக்கூட்டை இருவருமாகத் தூக்கி அப்பால் வைத்தார்கள். எச்சத்தை வழித்து எறிந்து, மண்வெட்டியால் மேல்மண்ணைச் சமன் செய்தார்கள். மழை விட்டிருந்தது, வெளிச்சம் இன்னும் இருந்தது. அலவாங்கைக் கொடுத்து நெம்பி, ஈர நிலத்தில் அந்தக் கல்லைப் பலாமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் போன் அடித்தது. கஜேந்திரனாகத்தான் இருக்கும். இரண்டு கையும் கல்லில் இருந்ததால் எடுக்கவில்லை.

"பசும்பால் இல்ல அண்ணி. பால்மாதான் இருக்கு. பரவாயில்லையா?"

"நாங்க இருந்தப்ப அதுவும் இல்ல. கரைச்சு எடுத்துட்டு வா."

சுகந்தினி பாலைக் கொண்டு வந்தாள். வெள்ளையம்மா கிண்ணத்தை ஏந்தியவள், கல்லைத் தடவிவிட்டு விரலை முகர்ந்து பார்த்தாள். கல்லில் சவுக்கார வாசம் அடித்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். சுகந்தினி பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு வந்து, அந்த வாசம் போகும் வரைக்கும் கழுவினாள்.